ராஜியா, ராஜிநாமாவா?

ஓரிடத்தில் வழக்கை முடிக்கும் சொல், எல்லை தாண்டினால் பதவியைத் துறக்கும் சொல். நீதிமன்றங்களில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது: உண்மையில் யார் சம்மதித்தார்கள்?

போபாலில் இந்தி நாளிதழ் வாங்கிக்கொண்டு ரயிலேறும் பயணி, 'ராஜிநாமா' என்ற சொல்லைப் பெரும்பாலும் மாவட்டச் செய்திப் பக்கத்தில்தான் பார்ப்பார். லோக் அதாலத்தில் இத்தனை வழக்குகள் ராஜிநாமாவில் முடிந்தன, வரப்புத் தகராறில் அடித்துக்கொண்ட இரு குடும்பங்கள் ராஜிநாமா எழுதிக் கொடுத்தன என்ற ரகச் செய்திகள் அவை. அதே பயணி சில மணி நேரத்தில் நாக்பூரில் இறங்கி மராத்தி நாளிதழை வாங்கினால், அதே சொல் அதே தேவநாகரி எழுத்துகளில் முதல் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கும். எதிர்க்கட்சிகள் அமைச்சரிடம் கேட்பது ராஜிநாமா. போபாலில் ராஜிநாமா என்றால் இருவர் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். நாக்பூரில் ஒருவர் விலகிவிட்டார் என்று பொருள்.

தமிழர்களுக்கு இந்த இரண்டு பொருளுமே பழக்கமானவை. கோர்ட்டுக்குப் போனவர்கள் 'ராஜி' ஆவார்கள். வேலை பிடிக்காதவர் 'ராஜிநாமா' செய்வார். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே ஏற்பாடுதான். மூவரும் சொல்லை இரண்டாக வெட்டி, பாதியைச் சமரசத்துக்கும் முழுவதையும் பதவி விலகலுக்கும் வைத்துக்கொண்டார்கள். குஜராத்தியிலும் மராத்தியைப் போலவே முழுச் சொல் பதவி விலகலையே குறிக்கிறது. விபரீதம் கேரளத்தில்தான். மலையாளத்தில் வெறும் 'ராஜி' என்றாலே பதவி விலகல். 'மந்திரி ராஜி வெச்சு' என்ற திருவனந்தபுரம் செய்தியைக் கேட்டு, அமைச்சர் யாருடனோ சமாதானமாகிவிட்டார் என்று பாலக்காட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் நினைத்தால் அவர்மீது குற்றமில்லை.

வெறும் சொல்லாராய்ச்சி என்றால் விஷயம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இந்தச் சொல்லை நம்பி ஒரு பெரிய நீதி ஏற்பாடே நடந்துகொண்டிருக்கிறது. தேசிய லோக் அதாலத்துகள் கூடும் ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான விவகாரங்கள் தீர்ந்ததாகக் கணக்கு வருகிறது. செக் மோசடி, விபத்து இழப்பீடு, வங்கிக் கடன், மின் கட்டணம், குடும்பத் தகராறு என்று அத்தனையும் முடிவது இரு தரப்பும் 'ராஜி' என்று சொன்ன பலத்தில்தான். அப்படிச் சொன்ன பிறகு மேல்முறையீடு கிடையாது. யார் ராஜி, எதற்கு ராஜி, மனதார ராஜியா என்ற கேள்விகள் அதனால்தான் முக்கியமாகின்றன.

திருப்தியில் பிறந்த சொல்

'ராஜி'யின் பூர்விகம் அரபு. மனநிறைவு, இசைவு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்ட ரஸியா சுல்தானின் பெயரும், ரஸா, ரிஸ்வான் போன்ற பெயர்களும் அதே வேரில் கிளைத்தவை. 'நாமா' பாரசீகம், எழுதப்பட்டது, கடிதம், ஆவணம் என்று பொருள். பாபர்நாமாவில் இருப்பதும், வக்கீலிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வக்காலத்து நாமாவில் இருப்பதும் இதே நாமாதான். ஆக, ராஜிநாமா என்பது 'எனக்குச் சம்மதம்' என்று எழுதித் தரும் சீட்டு. தமிழில் பலர் 'ராஜினாமா' என்று எழுதுவதற்குக் காரணம், அதில் ஒரு 'நாமா' இருப்பதே மறந்துபோனதுதான்.

வட இந்தியாவில் ராஜி கோர்ட்டுக்கு வெளியிலும் சுகமாக வாழ்கிறது. 'இங்கே எல்லோரும் ராஜி-குஷி' என்று ஊர்க் கடிதங்கள் தொடங்கும். பஞ்சாபியில் உடல்நலம் தேறியவரும் 'ராஜி'தான். 2018-ல் வெளிவந்த ஓர் இந்திப் படத்தின் பெயரே 'ராஜி'. உளவு வேலைக்காக எல்லை தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்த ஒரு பெண்ணின் கதை அது. எல்லாவற்றுக்கும் மேலாக, வடக்கே குழந்தைக்குக்கூடத் தெரிந்த ஒரு பழமொழி இருக்கிறது: மியா பீவி ராஜி, தோ க்யா கரேகா காஜி? கணவனும் மனைவியும் ராஜியாகிவிட்டால் நீதிபதிக்கு அங்கே என்ன வேலை? சம்பந்தப்பட்டவர்கள் இசைந்துவிட்டால் மூன்றாமவர் தேவையில்லை என்ற இந்த எண்ணம்தான் ராஜியின் உயிர்.

நிலத்தை விட்டுக் கொடுத்த கதை

சம்மதச் சீட்டு எப்படிப் பதவி விலகும் கடிதமாயிற்று? இதற்கான தடயம் வருவாய்த் துறை ஆவணங்களில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கோர்ட் பாஷையாகத் தொடர்ந்த பாரசீகம், 1837-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே விலக்கப்பட்டது. மொழி போனாலும் சொற்கள் போகவில்லை. பம்பாய் மாகாணத்தில் ஒரு விவசாயி தன் சாகுபடி நிலத்தை இன்னொருவருக்கு விட்டுக் கொடுக்க வேண்டுமானால் இரண்டு சீட்டுகள் தேவைப்பட்டன. விடுகிறவர் எழுதித் தருவது ராஜிநாமா. எடுத்துக்கொள்கிறவர் எழுதித் தருவது கபூலாயத்து. அதாவது, 'கபூல்' என்று ஏற்றுக்கொள்ளும் சீட்டு. அந்தக் கால நில வழக்குகளில் இந்த இரண்டு சொற்களும் இரட்டையர் போல வருகின்றன. 'என் இஷ்டப்படியே விடுகிறேன்' என்று நிலத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, நாளடைவில் உத்தியோகத்துக்கும் எழுதிக் கொடுக்கும் சீட்டாயிற்று என்று கருத இடமுண்டு.

விவசாயி நேரடியாக சர்க்காருக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறை வேரூன்றியது பம்பாய், சென்னை மாகாணங்களில். இன்றைக்கு ராஜிநாமா என்றால் பதவி விலகல் என்று புரிந்துகொள்ளும் மொழிகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்து மொழிகள்தான். ஜமீன்தாரி முறை வலுத்திருந்த வடக்கே சொல் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. வேலையை விடுவதற்கு இந்தியும் உருதுவும் 'இஸ்தீஃபா' என்ற வேறொரு அரபுச் சொல்லை எடுத்துக்கொண்டன. மன்னிப்பு என்ற பொருளுள்ள வேரில் பிறந்த சொல் அது. 'என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்பது. வடக்கே மன்னிப்புக் கேட்டு விலகுகிறார்கள், தெற்கே சம்மதம் சொல்லி விலகுகிறார்கள்.

இரண்டு பொருளுக்கும் நடுவே ஒரு பொது அம்சம் உண்டு. பதவியை விடுகிறவர் எதையோ இழக்கிறார். வழக்கில் ராஜியாகிறவரும் அப்படித்தான். ஐந்து லட்சம் கேட்டவர் மூன்றுக்கு இறங்கி வருவார். ஒன்றும் தர முடியாது என்றவர் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறி வருவார். எதையும் விடாமல் ராஜி கிடையாது. அப்படி விடுவது இஷ்டப்பட்டா, வேறு வழியில்லாமலா என்பதில்தான் தகராறு.

பைசல் வேறு, ராஜி வேறு

தகராறு தீர்வதற்கு இந்திய மொழிகளில் சொல் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைச் சொல்கிறது. இந்தியின் 'ஃபைஸ்லா'தான் தமிழில் 'பைசல்'. அது தீர்ப்பு, மேலே உட்கார்ந்திருப்பவர் தருவது. தோற்றவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. 'சுலஹ்' என்றால் சமாதானம். சண்டை நின்றால் போதும், மனக்கசப்பு மிச்சமிருக்கலாம். 'சம்ஜௌத்தா' என்பது புரிந்துகொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. நாடுகளுக்குள் நடப்பது பெரும்பாலும் இதுதான். 1972-ல் சிம்லாவில் கையெழுத்தான உடன்பாட்டை இந்தியில் சிம்லா சம்ஜௌத்தா என்பார்கள். 1976-ல் லாகூருக்கு விடப்பட்ட ரயிலுக்கு சம்ஜௌத்தா எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்த ரயில் 2019-ல் நின்றது. 'மத்தியஸ்தம்' நடுவில் நிற்பவரைச் சொல்கிறது. 'பஞ்சாயத்து' ஐந்து பேரைச் சொல்கிறது. இவற்றுள் ராஜி மட்டும் தகராறில் இருப்பவரின் மனநிலையைச் சொல்கிறது. உள்ளே திருப்தி இருந்தால் அது ராஜி. இல்லையென்றால் வெறும் நாமா.

சட்டமும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி, இருவர் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழையான எண்ணம் இவற்றால் வாங்கப்பட்டது சுதந்திரமான சம்மதம் ஆகாது. சிவில் வழக்கில் சமரசம் என்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட வேண்டும் என்று 1976-ம் ஆண்டுத் திருத்தம் சிவில் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்தது. சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் அவர்கள் சார்பில் நிற்பவர் நீதிமன்ற அனுமதியில்லாமல் ராஜியாக முடியாது. நாமா இருந்தால் மட்டும் போதாது, ராஜியும் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

ஊனாவிலிருந்து நாடு முழுவதும்

இந்தச் சம்மதத்தை ஒரு மன்றமாகவே ஆக்கிய முயற்சி குஜராத்தில் தொடங்கியது. 1982 மார்ச் 14 அன்று, அப்போது ஜுனாகட் மாவட்டத்தில் இருந்த ஊனாவில் முதல் லோக் அதாலத் கூடியது. 1987-ல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தபோது லோக் அதாலத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. அங்கே முடியும் வழக்கின் உத்தரவு சிவில் கோர்ட்டின் தீர்ப்புக்குச் சமம். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு வந்த கோர்ட்டுக்கே திரும்பிப் போகும். 2013 நவம்பரில் முதல் தேசிய லோக் அதாலத் ஒரே நாளில் நாடு முழுவதும் நடந்தது.

ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் இதற்கான அறிவிப்புகளில் 'ராஜிநாமா யோக்ய' வழக்குகள் என்ற தொடரைப் பார்க்கலாம். ராஜியாகத் தக்க வழக்குகள் என்று பொருள். இந்திச் சட்டப் புத்தகம் இத்தகைய குற்ற வழக்குகளுக்கு 'சமனீய' என்று சுத்த சமஸ்கிருதப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் ராஜிநாமா என்றால்தான் கட்சிக்காரருக்குப் புரிகிறது.

எண்ணிக்கை ஏறும்போது ஆசையும் ஏறும். ராஜி வராவிட்டால் தாமே முடித்துவிடலாமே என்ற எண்ணம் சில இடங்களில் எழுந்தது. பஞ்சாப் அரசுக்கும் ஜலூர் சிங்குக்கும் இடையிலான வழக்கில் அது உச்ச நீதிமன்றத்துக்கே வந்தது. ஒரு விபத்து இழப்பீட்டு மேல்முறையீட்டில், இரு தரப்பும் இசையாமலே லோக் அதாலத் தானே தொகையை உயர்த்தி உத்தரவு போட்டிருந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக மறுத்தது. லோக் அதாலத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது; தரப்பினர் எட்டிய சமரசத்தைப் பதிவு செய்வது மட்டுமே அதன் வேலை. சமரசம் இல்லையென்றால் அங்கே உத்தரவும் இல்லை. சொல்லகராதி மொழியில் சொன்னால், ராஜி நடக்கும் இடத்தில் பைசல் கூடாது.

ஆனால் நாடாளுமன்றமே அதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2002-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த நிரந்தர லோக் அதாலத், போக்குவரத்து, தபால், மின்சாரம், காப்பீடு போன்ற பொதுச் சேவைத் தகராறுகளில் முதலில் சமரசத்துக்கு முயலும். அது பலிக்காவிட்டால் தானே முடிவு சொல்லும். 2012-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லும் என்று கூறிவிட்டது. பெயரில் லோக் அதாலத், முயற்சியில் ராஜி, முடிவில் பைசல்.

களைப்பில் வரும் சம்மதம்

லோக் அதாலத்துகளை எல்லோரும் கொண்டாடுவதில்லை. சட்ட அறிஞர்கள் மார்க் கலன்டரும் ஜெயந்த் கிருஷ்ணனும் 2004-ல் வெளியிட்ட கட்டுரை, ஏழைகளுக்குக் கிடைப்பது நீதியா அல்லது நீதிமன்றங்களின் தாமதத்திலிருந்து தப்பிக்கும் வழி மட்டும்தானா என்ற சந்தேகத்தை வலுவாக எழுப்பியது. விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தால் இது புரியும். எதிரே இருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பத்து ஆண்டுகள் காத்திருப்பது பெரிய விஷயமல்ல. குழந்தைகளின் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய அவருக்குப் பத்து மாதமே அதிகம். சட்டப்படி கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த தொகைக்கு அவர் கையெழுத்துப் போடும்போது மிரட்டல் இல்லை, மோசடி இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் கண்ணில் அது சுதந்திரமான சம்மதம்தான். ராஜி என்ற சொல்லின் மூலப் பொருளான திருப்தி அதில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மறுபக்கமும் உண்டு. அந்தப் பெண்ணுக்குக் கைக்கு வரும் பணம் நிஜம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினையிலும், பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறிலும் எந்தத் தீர்ப்பும் தர முடியாத ஒன்றை ராஜி தருகிறது. மறுநாள் காலையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியும். தீர்ப்பில் ஒருவர் தோற்க வேண்டும். ராஜியில் இருவரும் கொஞ்சம் தோற்றால் போதும்.

யாருடைய ராஜி?

சிக்கல் முற்றுவது குற்ற வழக்குகளில். சிறு காயம், அவதூறு, அத்துமீறி நுழைதல் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் ராஜியானால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானவராகவே கருதப்படுவார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ம் பிரிவு அந்தப் பட்டியலைத் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 359-ம் பிரிவு. பட்டியலில் இல்லாத குற்றத்தில் ராஜி செல்லாது. அது பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கே இழைக்கப்பட்டது என்பது கொள்கை. பட்டியலில் இல்லாவிட்டாலும் தகுந்த வழக்குகளில் சமரசத்தை ஏற்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களுக்கு அந்த வழியும் கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

ஆனாலும் ஊர்ப் பெரியவர்களும் உறவினர்களும் ராஜிநாமா காகிதத்தோடு வருவது நிற்கவில்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர் அந்தப் பெண்ணுடன் மத்தியஸ்தம் பேசட்டும் என்று ஜாமீன் கொடுத்தது. தான் அதற்குத் தயாரில்லை என்று அந்தப் பெண் வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை முதல் தேதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றங்களில் எந்தச் சூழ்நிலையிலும் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கூறியது. சென்னை உத்தரவு அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது.

ராஜஸ்தானில் நடந்தது இன்னும் கூர்மையானது. பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் தவறாக நடந்ததாக ஓர் ஆசிரியர்மீது 2022-ல் வழக்குப் பதிவானது. சில வாரங்களிலேயே, தங்களுக்குள் சமரசமாகிவிட்டது என்று சிறுமியின் தந்தையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. இத்தகைய குற்றம் இரண்டு பேருக்குள் பேசி முடிக்கும் தனிப்பட்ட தகராறு அல்ல என்பதே அதன் நிலை. காகிதத்தில் தந்தையின் ராஜி இருந்தது. சிறுமியின் ராஜியை யார் கேட்டார்கள்? கேட்டாலும், அது கேட்கக்கூடிய விஷயம்தானா?

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. சம்பந்தப்பட்ட இருவரும் மனதார ராஜி, ஊர் மட்டும் ராஜியில்லை. ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தின் காப் பஞ்சாயத்துகள் காதல் திருமணங்களுக்குக் குறுக்கே நின்ற விவகாரத்தில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வயது வந்த இருவர் விரும்பித் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்தால் குடும்பம், சமூகம், குலம் எவருடைய சம்மதமும் தேவையில்லை என்றது சக்தி வாஹினி வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு. மியா பீவி ராஜி என்ற பழமொழிக்கு நாட்டின் தலைமை நீதிமன்றமே முத்திரை குத்தியது போலாயிற்று.

அந்தப் பழமொழிக்கு ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படுகிறது. காகிதத்தில் இருவரின் கையெழுத்தும் இருக்கலாம். பேசியது யார், கையெழுத்துப் போட வைத்தது யார், கை நடுங்கியது யாருக்கு என்று நாமா சொல்லாது. மியாவும் பீவியும் ராஜியாகிவிட்டால் காஜிக்கு வேலையில்லை என்பது உண்மைதான். பீவி நிஜமாகவே ராஜியா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் வேலை மட்டும் அவருக்கு மிச்சமிருக்கிறது.